நாற்பத்தேழுக்குச் சொல்லவும்

"மனுஷன் பொய் சொல்வான். காகிதம் பொய் சொல்லும். கம்பி மட்டும் என்னைக்கும் பொய் சொல்லாது!"

இப்படி ஒரு வேதவாக்கு. சொன்னவர் என் சிநேகிதனுடைய சித்தப்பா. சொன்ன இடம் ஒரு காகிதக் கம்பெனியின் தலைமை அலுவலகம், மூன்றாவது மாடி, மீட்டிங் ஹால். சொன்ன நேரம் சாயங்காலம் நாலரை. சொல்லி முடித்துச் சரியாகப் பத்தாவது நிமிஷம்... அந்தக் கம்பி ஒரு கேள்வி கேட்டது.

டார்ச்சை அணைத்துவிடுங்கள். கரண்ட் போய், டீசல் வாங்கப் போன நம் ஹாஸ்டல் ஜெனரேட்டர்காரர் இனிமேல் காலையில்தான் வருவார். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருக்கிறவர் அந்தக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்... அது தானாக ஆடுகிறது.

பேய் என்றால் நடுராத்திரி, ஆளில்லாத ரோடு என்றுதானே கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பேய்க்கு ஆபீஸ் நேரம். வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு. ஆனால் ரோடு உண்டு. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சர்வர் அறைக்குப் போகிற நடை. நாற்பதடி நீளம். ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் மனசிருந்தால் எரியும். சுவருக்குப் பின்னால் ஏசி மிஷின் 'ம்ம்ம்...' என்று முனகிக்கொண்டே இருக்கும். அதைவிட ஆளில்லாத ரோடு எந்தக் காட்டிலும் கிடையாது.

சித்தப்பாவுக்கு ஆபீஸில் வித்துவான் என்று பட்டப்பெயர். நெட்வொர்க் பிரிவில் சீனியர். யாராவது கேள்வி கேட்டால் தொண்டையைச் செருமுவார். கண்ணை மூடுவார். ஆலாபனை மாதிரி ஒரு "ம்ம்ம்..." இழுப்பார். அந்த இழுப்பிலேயே கேட்டவன் "பரவாயில்ல சார், அப்புறம் வரேன்" என்று நழுவிவிடுவான். பதினாறு வருஷ சர்வீஸில் பல்லவி வரைக்கும் யாரும் காத்திருந்ததில்லை.

அவருக்குக் கீழே, கீழ்த்தளத்திலேயே வேலை பார்த்தவர் தைலம். அதுவும் பட்டப்பெயர்தான். சர்வர் அறைக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வருஷம் முழுக்க மூக்கடைப்பு. நெற்றி, மூக்கு, கழுத்து எல்லாம் தைலம். ஆள் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வாசனை வரும். ஆள் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது போகும். மனுஷனுக்குக் கோபமே வராது. போனை எடுத்தால், "தைலம் பேசறேன், சொல்லுங்க" என்பார். அவரிடம் ஒரு பழக்கம். கீபோர்டில் ஏதாவது அடித்து முடித்து என்டரைத் தட்டுவதற்கு முன்னால், மேஜையில் விரலால் மூன்று தட்டு. டொக்... டொக்... டொக். அப்புறம்தான் என்டர்.

இந்த தைலம் எட்டு மாசம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார். என்ன புரோகிராம் என்று சொன்னால்தான் கதை புரியும். நாளைக்கு வகுப்பில் கேட்டாலும் உதவும்.

ஒரு ஆபீஸில் இருநூறு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒன்று இன்னொன்றுக்கு எதையாவது அனுப்பவேண்டும் என்றால், அது எங்கே இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். அதனால் கம்பியில் ஒரு கூவல் போடும். "முப்பத்தொண்ணு யாருப்பா? நாற்பத்தேழுக்குச் சொல்லு!" கூவல் இருநூறு பேருக்கும் கேட்கும். முப்பத்தொன்று மட்டும் "நான்தான், இங்க இருக்கேன்" என்று கேட்டவனுடைய காதில் சொல்லும். கேள்வி ஊருக்கு, பதில் காதுக்கு. இதற்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். நம்மைச் சுற்றி நாளெல்லாம் இந்தக் கூவல் நடந்துகொண்டே இருக்கிறது... நமக்குத்தான் கேட்பதில்லை.

தைலத்தின் புரோகிராம் இந்தக் கூவல்களைக் கம்பியிலிருந்து பிடிக்கும். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில், யாரோ புண்ணியவான்கள் எழுதிவைத்த ஒரு லைப்ரரியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது கம்பியில் போகிற ஒவ்வொரு பொட்டலத்தையும், துண்டு துண்டாகப் பிரிக்கும். கேட்டது யார், யாரைக் கேட்டார், எந்த நெட்வொர்க் கார்டிலிருந்து கேட்டார் என்று திரையில் வரிவரியாகப் போடும். அதுவும் நல்ல தமிழில், மரியாதையாக: "31 யாரிடம் இருக்கிறது? 47-க்குச் சொல்லவும்." தெரியாத ஆள் ஒருவன் வந்து கம்பியைச் சொருகினால் அடுத்த நொடி மாட்டிக்கொள்வான்.

நாற்பத்தேழு, தைலத்தின் கம்ப்யூட்டர். முப்பத்தொன்று, வித்துவானுடையது.

புரோகிராமை யாருக்கும் காட்டுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தைலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் இரண்டு நிமிஷ மௌனம். தலைமை தாங்கியவர் வித்துவான். ஒன்றரை நிமிஷத்தில் அவருக்குப் போன் வந்தது. செவ்வாய்க்கிழமை, "முக்கியமானது ஏதாவது இருந்தா பத்திரப்படுத்தணும்" என்று நாற்பத்தேழைத் திறந்தார். புரோகிராம் கிடைத்தது. உச்சியில் முதல் வரி: எழுதியவர் இன்னார். அந்தப் பெயரை அழித்தார். தன் பெயரை அடித்தார். அவர் மாற்றியது அந்த ஒரு வரிதான். மற்றதை மாற்ற விருப்பம் இல்லாமல் இல்லை, படிக்கத் தெரியாது. பிறகு புரோகிராமைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, நாற்பத்தேழின் கம்பியைப் பிடுங்கி, டிஸ்க்கைக் கழற்றி, பெட்டியைச் சர்வர் அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்.

பத்து நாள் கழித்துத் தைலத்தின் அக்கா வந்தார், தம்பியின் சாமான்களை வாங்கிப்போக. ஒரு மப்ளர், ஒரு பீங்கான் கோப்பை, பாதி தீர்ந்த தைல பாட்டில். கீழ்த்தள நடையில் வைத்துக் கொடுத்தார் வித்துவான். அங்கே அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... வேறு ஆளில்லை.

அக்கா பையை மூடிவிட்டுத் தயங்கி நின்றார்.

"தம்பி... அவன் என்னமோ எழுதிக்கிட்டு இருந்தானே. சோத்துல கை வெச்சுக்கிட்டு அதையே சொல்லிக்கிட்டு இருப்பான். ரெண்டு பக்கம் அச்செடுத்துக் குடுத்தீங்கன்னா அவன் படத்துக்குப் பக்கத்துல வெச்சுக்குவேன். எனக்கு ஒண்ணும் புரியப்போறதில்ல. சும்மா... வெச்சுக்கத்தான்."

வித்துவான் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார். இந்த அம்மாள் நழுவுகிற ரகம் இல்லை, பேசாமல் காத்திருந்தார். பதினாறு வருஷத்தில் முதல்தடவையாகப் பல்லவி வந்தது.

"அப்படி எதும் இல்லை அக்கா."

டியூப்லைட் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது.

"அப்படிங்களா..." என்றார் அக்கா. பிறகு, தப்பு தன் வீட்டுப் பக்கம்தான் என்பதுபோல அவசரமாக, "அவன் கொஞ்சம் அளப்பான்தான் தம்பி, சின்ன வயசுலேர்ந்தே. மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். நாற்பதடியும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. வித்துவான் கண்ணைத் திறக்காமலே நின்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? ஒரு கண்ணாடி அறைக்காகத்தான். நெட்வொர்க் பிரிவுத் தலைமைப் பதவி காலியாக இருந்தது. அந்தப் பதவிக்கு, கதவில் பெயர் எழுதின கண்ணாடி அறை உண்டு. 'சொந்தமாக உருவாக்கிய' புரோகிராமைக் காட்டினால் அறை நிச்சயம். சித்தி அதற்குள் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தார். இனிமேல் பதவி வராவிட்டால் வித்துவான் ஊரை மாற்றவேண்டும், அல்லது சித்தியை.

ஆக, மூன்றாவது மாடி மீட்டிங் ஹால். பெரிய திரை. வேதவாக்கு ஆயிற்று. பெரிய மேனேஜர் முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புரோகிராமை உற்றுப் பார்த்தார்.

"அது என்னய்யா, அந்த வரியில ஒரு ஆச்சரியக்குறி நிக்குது?"

"ம்ம்ம்... அது ரொம்ப முக்கியமான வரி சார். கம்ப்யூட்டர் அலட்சியமா தாண்டிப் போயிடக் கூடாது பாருங்க. அதுக்காகப் போட்டது."

இருபது தலை ஆடியது. ஒரு தலைக்கும் தெரியாது என்பது மற்றத் தலைகளுக்குத் தெரியாது.

அப்போது மணி நாலே நாற்பது.

டொக்... டொக்... டொக்.

யாரோ மேஜையைத் தட்டினதாக நினைத்து எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். திரையில் ஒரு வரி ஏறியது.

"31 யாரிடம் இருக்கிறது? 47-க்குச் சொல்லவும்."

உடனே அடுத்த வரி. "31: நான்தான். இங்கே இருக்கிறேன்."

வித்துவானின் கம்ப்யூட்டர் அவரைப்போல இல்லை. கேட்டால் செருமாமல் பதில் சொல்லிவிடும்.

அவர் திரைக்கு இன்னும் நெருங்கிப் போய்ப் பார்த்தார். நாற்பத்தேழு என்ற எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நாற்பத்தேழு பூட்டின அறையில், கம்பி இல்லாமல், உயிர் இல்லாமல் கிடக்கிறது. ஏசி காற்றில் மெல்ல... மெல்ல... தைல வாசனை.

"பிரமாதம்!" என்றார் பெரிய மேனேஜர். "இதைக் கீழ வரவேற்புல பெரிய திரையில போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

போட்டார்கள். மறுநாள் நாலே நாற்பதுக்கு மறுபடியும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு ஒரே கொண்டாட்டம்.

"வித்துவான் சார்! உங்க ஆள் கரெக்டா வந்துட்டாரு பாருங்க. பொண்ணு பார்க்க வர்ற வீட்டுக்காரங்ககூட இப்படி நேரந்தவறாம வரமாட்டாங்க!"

"அது... லெகஸி டிராஃபிக்மா."

"ஓ... அவர் பேரு அதுவா?"

மூன்றாம் நாள் வித்துவான் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே போனார். நடை. முனகல். சாமான் அறையைத் திறந்தார். பழைய அட்டைப்பெட்டி வாசனை, எலிப்புழுக்கை. நாற்பத்தேழு போட்ட இடத்திலேயே இருந்தது. மேலே தூசி, தூசியில் விரல் தடம்கூட இல்லை. மூடியைத் திறந்து நெட்வொர்க் கார்டைப் பிடுங்கினார். ஒவ்வொரு கார்டிலும் பிறக்கும்போதே பொறித்த ஒரு எண் உண்டு. திரையில் தினமும் வருகிற எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒத்துப் பார்த்தார்.

ஒரே எண்.

கார்டைக் கொண்டுவந்து தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கை சட்டைப்பை மேலேயே இருந்தது.

மறுநாள் நாலே நாற்பது. டொக்... டொக்... டொக். சத்தம் டிராயருக்குள்ளிருந்து.

திறந்தார். கார்டு இருந்தது. தொட்டார்.

கதகதப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேய் பயம் ஒரு பக்கம். அதைவிட, கண்ணை மூடினால் போதும், "அவன் கொஞ்சம் அளப்பான்தான் தம்பி" என்று அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்கிற குரல். பேய்க்காவது ஆபீஸ் நேரம். இந்தக் குரலுக்கு லீவே கிடையாது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி அறைக்குத் திரைச்சீலை அளவெடுத்தாகிவிட்டது.

ஆறு வாரம் ஓடியது. பதவியை அறிவிக்கிறதற்கு முன்னால் நெட்வொர்க்கைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஒல்லியான உருவம், கழுத்தில் கயிறு போட்ட கண்ணாடி, தனக்கென்று தண்ணீர் பாட்டில். மறுபடி அதே மீட்டிங் ஹால், அதே இருபது தலை. வித்துவான் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மனுஷன் பொய் சொல்வான். காகிதம்..."

"கம்பியும் சொல்லும் சார்" என்றார் அந்த அம்மாள், தண்ணீர் குடித்துக்கொண்டே. "இந்த ஏ.ஆர்.பி. மாதிரி ஏமாளி உலகத்துலயே கிடையாது. அடுத்தவன் நம்பரை எடுத்துக்கிட்டு 'அது நான்தான்'னு ஒருத்தன் சொன்னா, சாட்சி கேக்காது, அப்படியே நம்பிடும். உங்களுக்குத் தெரியாததா?"

வித்துவானுக்குக் காது மடல் சுட்டது.

"சரி, ஒரு சந்தேகம். கம்பியில வர்ற பாக்கெட் குறைஞ்சது அறுபது பைட் இருக்கணும். இந்தக் கேள்வி நாற்பத்திரண்டுலயே முடிஞ்சுடுது. மீதி பதினெட்டுல என்ன இருக்கு?"

"அது சும்மா இடம் நிரப்பறதும்மா. எல்லாம் பூஜ்யம்."

"பூஜ்யம்னு பார்த்தீங்களா?"

"ம்ம்ம்..."

அந்த அம்மாள் காத்திருந்தார். இவரும் நழுவுகிற ரகம் இல்லை.

"உங்க புரோகிராம்தானே சார். காட்டுங்களேன்."

வித்துவான் புரோகிராமைத் திறந்தார். மேலே போனார். கீழே வந்தார். மறுபடி மேலே போனார். தெரியாத ஊரில் விலாசம் தேடுகிறவன் மாதிரி ஒரே தெருவில் மூன்று தரம் நடந்தார். முதுகில் சட்டை ஒட்டியது. நல்லவேளையாக நடுவில் ஒரு குறிப்பு கிடைத்தது. தைலம் எழுதிவைத்த குறிப்பு.

"மீதியையும் பார்க்க வேண்டுமானால் அடுத்த வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிடவும். பயப்பட வேண்டாம்."

"உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்டதா?" என்றார் அந்த அம்மாள். "பயப்பட வேண்டாம்னு?"

"ஆ... ஆமா."

குறியை எடுத்தார். புரோகிராம் மறுபடி ஓடியது. பாக்கெட்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பதினெட்டுப் பூஜ்யம். வித்துவானுக்கு மூச்சு திரும்பியது. "பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே..."

டொக்... டொக்... டொக்.

நாலே நாற்பது.

தைல வாசனை, இந்தத் தடவை யாரோ காதுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறமாதிரி. "31 யாரிடம் இருக்கிறது? 47-க்குச் சொல்லவும்." நாலு தரம், ஒன்றன்பின் ஒன்றாக. தமிழெழுத்து கொஞ்சம் தாராளமாக இடம் பிடிக்கும். பதினெட்டு பைட்டில் ஒரு சின்ன வார்த்தைதான் அடங்கும். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு வார்த்தையாக நாலு வார்த்தை வந்தது. பெரிய மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"அப்படி... எதும்... இல்லை... அக்கா." நிமிர்ந்தார். "யாருய்யா அக்கா?"

அந்த வார்த்தைகளை வித்துவான் எந்தக் கம்ப்யூட்டரிலும் அடித்ததில்லை. எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. ஜன்னல் இல்லாத ஒரு நடையில், ஒரே ஒரு தரம், வாயால் சொன்னது.

"31: நான்தான். இங்கே இருக்கிறேன்" என்று நாலு தரம் பதில் சொல்லி முடித்தது அவருடைய கம்ப்யூட்டர்.

வித்துவான் செருமவில்லை. கண்ணை மூடவில்லை.

"சார்... இதை நான் எழுதல. தைலம் எழுதினது. அவங்க அக்கா வந்து கேட்டாங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்."

இடி விழும் என்று தலையைக் குனிந்து நின்றார். விழவில்லை. ஒருத்தரும் அதிர்ச்சியாகக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். வரவேற்பு மேசைப் பெண் நகத்தைப் பார்த்தாள். பெரிய மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்த கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

"தெரியும்யா" என்றார் கடைசியில். "எல்லாருக்கும் தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தோம்."

"எனக்குக் காலையிலேயே சொன்னாங்க" என்றார் அந்த அம்மாளும், பாட்டிலை மூடிக்கொண்டு.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஆறு வாரமாக இந்த இருபது பேரும் இவரைப் பார்த்துக் கும்பிட்டு, தலையாட்டி, வேதவாக்குக்கெல்லாம் வாய்பிளந்து... எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்காமல் இறங்கிப் போனார்.

அன்றைக்கே புரோகிராமின் முதல் வரியில் பழைய பெயரைத் திரும்ப அடித்தார். இரண்டு பக்கம் இல்லை, முழுசும் அச்செடுத்தார். பதினொரு பக்கம். விலாசம் தேடிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். அக்கா திறந்தார். வித்துவான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா காகிதங்களை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இங்க ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கானே... எதுக்கு?"

"தெரியாதுக்கா."

அவர் ஆயுளில் அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல்தடவை.

அக்கா தலையை ஆட்டினார். கதவைச் சாத்தப் போனவர் நின்று, மூக்கை உறிஞ்சினார்.

"உங்களுக்கும் சளியா தம்பி?"

வித்துவான் தைலத்தைக் கையால் தொட்டதே கிடையாது.

கண்ணாடி அறை வேறு யாருக்கோ போயிற்று. சித்தி இன்னமும் சொந்தக்காரர்களின் போனை எடுப்பதில்லை. கேள்வி நின்றதா என்று கேட்கிறீர்களா? நிற்கவில்லை. இன்றைக்கும் நாலே நாற்பதுக்கு நாற்பத்தேழு கூவுகிறது. முப்பத்தொன்று பதில் சொல்கிறது. அந்தப் பதினெட்டும் இப்போது வெறும் பூஜ்யம். கார்டு இன்னமும் டிராயரில்தான் இருக்கிறது. சித்தப்பா சில நாள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சூடு ஆறுகிற வரைக்கும்.

என்ன... யார் கேட்டது? ஆபீஸுக்கு எப்படித் தெரிந்தது என்றா?

அந்தப் புரோகிராம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக நின்றுகொள்ளும்படி தைலம் எழுதியிருந்தார். நிற்கும்போது கடைசியாக ஒரு வரி போடும். வரவேற்பில், ஆளுயரத் திரையில், பையை மாட்டிக்கொண்டு எல்லாரும் வாசலுக்குப் போகிற நேரத்தில்: "இன்றைய வேலை முடிந்தது. எழுதியவன், தைலம். சந்தேகம் இருந்தால் 47-ஐக் கூப்பிடவும்."

சித்தப்பா தினமும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்.